வாட்டம்

மார்ச் மாதம். ரியேக்கா துறைமுகம், ஏழாம் கிடங்கு.
கொடுத்த கடனைக் கேட்க வந்தவனைப் போல
போரா காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
இஸ்மீரிலிருந்து வந்த பெட்டியின் ஆணிகளை
பர்த்தூல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் வால்நட் மரம்.

சீட்டில் எழுதியிருந்தது: சிற்பம், ஒன்று.
செய்தவர், ஃபெராயே துன்சோக்.
வெளியே எடுத்து வைத்ததோ நாற்காலி.

சிற்பத்துக்கு ஒரு வரி, மரச்சாமானுக்கு வேறு வரி.
மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார்:
"உட்கார முடிந்தால் நாற்காலி.
இதற்கெல்லாமா கூப்பிடுவாய், ஸ்ரெச்கோ?"
(எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குப் பாக்கியவான் என்று பொருள்.
பெற்றவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.)

மூன்று கால்கள் தரைவரை வந்திருந்தன.
முன்பக்கத்து வலது கால் மட்டும்
தரைக்கு இரண்டு விரற்கடை மேலே
சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டவர் போல நின்றுவிட்டது.
உடைந்ததல்ல. நுனியை இழைத்து, எண்ணெய் தேய்த்து
அங்கேயே முடித்திருந்தார்கள்.
கையை எடுத்ததும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

பர்த்தூல் உட்கார்ந்தான். உடனே எழுந்தான்.
"யாரோ முதுகில் கைவைத்து, போதும் கிளம்பு என்கிற மாதிரி இருக்கிறது."
பிறகு காப்பிக் குவளையை அதன்மேல் வைத்தான்.
குவளை மெல்ல நகர்ந்தது,
விளிம்பில் கொஞ்சம் யோசித்தது,
விழுந்தது.
"மேசையும் இல்லை, குறித்துக்கொள்" என்றான்,
சட்டைக்கையால் மரத்தைத் துடைத்தபடி.
அதை மட்டும் நான் குறிக்கவில்லை.

அவன் சாப்பிடப் போனபின் நான் உட்கார்ந்தேன்.

குளியலறைத் தரைக்குக் கொத்தனார் ஒரு வாட்டம் வைப்பார்.
கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.
அப்படி ஒன்று அந்தப் பலகையில்.
உடம்பில் எங்கெங்கோ தேங்கிக் கிடந்தது எல்லாம்
வலப்பக்கமாக வரத் தொடங்கியது.
வலது பாதத்தை ஊன்றினேன், இன்னும் அழுத்தி.
நாற்காலி நேராகியது.

நான்காவது கால் நான்.

வாட்டமாக உட்கார் என்பார்களே, அது இல்லை இது.
முகத்தில் விழுகிற வாட்டமும் முழுதாக இல்லை.
அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.
கால்தான் மரத்துப்போனது.
எது அதனுடைய மரம், எது என்னுடையது என்று
பதினோரு நிமிடம் பிரிக்கத் தெரியாமல் இருந்தேன்.
கடிகாரம் எதிரே இருந்ததால் சொல்கிறேன்.

ஸ்லாவிட்சா போனபோது
நான்கு நாற்காலிகளை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்,
சண்டையே இல்லாமல்.
என் பங்கில் ஒன்றின்மேல் இஸ்திரிக்குக் கிடக்கும் துணி,
இன்னொன்றின்மேல் மின்கட்டண ரசீதுகள்.
நான் குளிர்சாதனப் பெட்டியின் ஓரம் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.
அந்த இரண்டையும் யாராவது வைக்கோலில் சுற்றி
ஏழாம் கிடங்குக்கு அனுப்பியிருந்தால்
யாரையும் கூப்பிடாமல் சிற்பம் என்று எழுதியிருப்பேன்.

படிவத்தில் 'பயன்பாடு' என்று ஒரு கட்டம்,
தபால்தலை அகலத்துக்கு.
இருக்கை என்று எழுதினேன், அடித்தேன்.
இருப்பு என்று எழுதினால்
கிடங்குக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.
கடைசியில் எழுதியது: ஆள் இல்லாவிட்டால் சாயும்.
மறுநாள் மேலதிகாரி அதன்மேல் ஒரு கோடு இழுத்து
மரச்சாமான் என்று எழுதிவிட்டார்.
நியாயம்தான். உட்கார்ந்தேனே.

அன்று இரவு
ரசீதுகளை அள்ளித் தரையில் வைத்தேன்.
தட்டை மடியில் ஏந்தி உட்கார்ந்தேன்.
போரா ஓய்ந்து, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது.
நான்கு கால்களும் தரையில் சரியாக இருந்தன.
வலது பாதத்தை அழுத்திப் பார்த்தேன்.
நாற்காலிக்கு அது தேவைப்படவில்லை.